நூற்றுக்குப் பத்து கொசுறு

நர்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் நர்சரி விற்ற மாங்கன்று மரமாகிக் காய்த்ததை உங்களில் யாராவது நேரில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் ஓசூரில் ஒரு நர்சரிக்குப் போயிருந்தபோது இதையே கேட்டேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் பார்த்ததில்லை. "வித்ததோட முடிஞ்சுது சார். கம்ப்ளெயின்ட் வந்தா பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். நானும் இருபது வருடம் இதே வாயால் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் விற்பனையைப் பார்த்துக்கொண்டவன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் சந்தையில் பழ வியாபாரி. எனக்குப் படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக ஏறியது. அதனால் முதலாளி என்னைச் செடி விற்க வைத்தார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் பாய்.

எழுபதுகளின் கடைசியில் ஓசூர்ப் பக்கம் வரிசையாக ஃபேக்டரிகள் எழும்பியபோது எங்களுக்கு நல்ல யோகம். ஒவ்வொரு ஃபேக்டரி வாசலுக்கும் குரோட்டன்ஸ், புல்தரை, அசோக மரம் எல்லாம் வேண்டியிருந்தது. ஒரு ஃபேக்டரியில் தோட்டத்தைக் கவனிக்க ஒரு இன்ஜினியரைப் போட்டிருந்தார்கள். மனுஷன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து குரோட்டன்ஸை ஒவ்வொன்றாக அளந்தார். இரண்டு தொட்டி அரை அங்குலம் குறைந்ததாம், திருப்பி அனுப்பிவிட்டார். "இது ஸ்பெசிஃபிகேஷன்ல இல்ல பாய்." வண்டியில் வரும் வழியெல்லாம் நானும் டிரைவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அந்த வியாபாரம் எவ்வளவு சுகமானது என்று இப்போது யோசிக்கிறேன். அழகுச் செடியில் ஏமாற்ற முடியாது. வாங்குகிறவர் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் சரக்கு. வாடினால் ஒரு வாரத்தில் சண்டைக்கு வருவார், நாம் மாற்றிக் கொடுப்போம், தீர்ந்தது. மாங்கன்று அப்படியில்லை. இன்றைக்குக் கொடுப்பது வெறும் நாலு இலை. அதில் என்ன பழம் வரும் என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். நடுவில் இருக்கிற ஐந்து வருடமும் வாங்கியவருடைய நிலம், வாங்கியவருடைய தண்ணீர், வாங்கியவருடைய முதுகு.

எண்பதுகளில் எங்கள் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகள் பெருகின. அவர்களுக்கு வேண்டியது பெங்களூரா மாங்காய், நீளமாக, நுனியில் மூக்கு வைத்த ரகம். லாரி தோட்டத்துக்கே வந்து எடுத்துக்கொண்டு போகிறது என்ற செய்தி பரவியதும், நிலக்கடலையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்த ஜனம் முழுக்க மாங்கன்று கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. நாங்களும் திண்டாடிப் போனோம்.

ஒட்டுக்கன்று எப்படி உண்டாகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு நாற்றின் மேல் நல்ல மரத்துக் கொப்பை வைத்துக் கட்டுகிறோம். பிடித்தால் பெங்களூரா. பிடிக்காவிட்டால் மேலே கட்டிய கொப்பு காய்ந்துபோகும், கீழே இருக்கிற நாட்டு நாற்று தன்பாட்டுக்குத் துளிர்த்து வளரும். பார்ப்பதற்கு அதுவும் மாங்கன்றுதான். நன்றாகவே வளரும். ஆனால் காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகலாம், காய்த்தாலும் நாரும் புளிப்புமாக ஏதோ ஒன்று. எந்த ஃபேக்டரியும் அதைத் தொடாது.

எங்களிடம் ஒட்டுக் கட்ட ஒரு மேஸ்திரி இருந்தார். தெலுங்குக்காரர், அதிகம் பேசமாட்டார். வெளியே போகும் ஒவ்வொரு கன்றையும் கையில் எடுத்து, ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிடிக்காததை ஓரமாகக் குவித்து, சாயங்காலம் உடைத்துக் குழியில் போட்டுவிடுவார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். பை, மண், எரு, தண்ணீர், கூலி எல்லாம் நல்ல கன்றுக்கு ஆன அளவு அதற்கும்தானே ஆகியிருக்கிறது!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. நூறு கன்று வாங்கினால் பத்து கொசுறு. நட்டதில் சிலது பட்டுப்போகும், அந்த இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுப்பது. அந்தப் பத்தையும் நல்ல கன்றாகத்தான் கொடுத்துவந்தோம். கன்றுக்குத் தட்டுப்பாடு வந்த வருடம் எனக்கு மூளை வேலை செய்தது. விற்கிற நூறும் சுத்தமான ஒட்டு, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் கொசுறு இனாம்தானே? அதில் ஏன் கழித்த கன்றைக் கொடுக்கக் கூடாது? காய்ந்த நுனியைக் கத்தியால் சீவிவிட்டால் வெளியாள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாதிப் பேர் கொசுறை வேலியோரம் நடுவார்கள், மீதிப் பேர் நடவே மாட்டார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

முதலாளியிடம் சொன்னேன். "அடேங்கப்பா, பாய் தலையில மூளைதான்யா" என்று சிரித்தார். மேஸ்திரி மட்டும், "வத்து பாய், வேணாம். கழிச்சது குழிக்குத்தான் போகணும்" என்றார். "நீ ஒட்டுக் கட்டு, வியாபாரத்த நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஆறு பேர் சேர்ந்து வந்தார்கள். ஆளுக்கு நூறு, மொத்தம் அறுநூறு கன்று. கோவிந்தன் என்பவர்தான் தலைவர் மாதிரி பேசினார். லாரியில் ஏற்றும்போது நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். கழித்த கன்று நல்ல கன்றோடு கலந்துவிடக் கூடாது அல்லவா? கொசுறு அறுபதையும் தனியாக லாரியின் பின்பக்கம் வைக்கச் சொன்னேன். அதைத்தான் என்னுடைய நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. கோவிந்தன் வேறு, "இனாம் கன்னுதான் பாய் கொழுகொழுன்னு இருக்குது" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

ஐந்து வருடம் போனது. ஒரு வைகாசியில் கோவிந்தன் ஒரு கூடை பெங்களூராவோடு நர்சரிக்கு வந்தார். முதல் காய்ப்பு. மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "தோப்ப வந்து பாக்கணும் பாய், நீங்க வராம நான் விடமாட்டேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. அதுவரை நான் விற்ற ஒரு தோப்பையும் போய்ப் பார்த்ததில்லை. சரி, இரண்டு ஆர்டர் கிடைக்கும் என்று ஊத்தங்கரை போய் பஸ் மாறிப் போனேன்.

கோவிந்தன் தோப்பு நன்றாக இருந்தது. மரங்கள் குடை மாதிரி விரிந்து, கொத்துக் கொத்தாகக் காய். மற்ற ஐந்து பேருடைய தோப்பும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கோவிந்தன் சொன்னார்: "அண்ணன் சம்சாரம் தோப்பையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. அவங்க மரம்தான் ஊர்லயே ஒசரம். என்னமோ இன்னும் காய்ப்பு புடிக்கல."

பக்கத்து நிலம்தான். வரப்பைத் தாண்டினதும் என் கால் நின்றுவிட்டது. ஒன்றரை ஏக்கர். மரங்கள் ஒன்றுகூட விரியவில்லை, கம்பு மாதிரி நேராக மேலே போயிருந்தன. எல்லாம் நாட்டு மரத்தின் வளர்த்தி. யா அல்லா, இதென்ன இது! ஓடிப்போய் முதல் மரத்தின் அடியைத் தடவினேன். ஒட்டின் வடு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு மரமாகக் குனிந்து குனிந்து ஓடினேன். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. ஒன்றிலாவது வடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். இல்லை. எண்ணிப் பார்த்தேன், அறுபது மரம்.

"எப்படி... இதெல்லாம் எங்க வாங்கினது?" என்றேன்.

"உங்க கன்னுதான் பாய்!" என்று கோவிந்தன் சிரித்தார். "கொசுறு அறுபது இருந்துதில்ல? ஆளுக்குப் பத்துப் பத்தா எதுக்குப் பிரிக்கறதுன்னு யோசிச்சோம். எங்கண்ணன் செத்து அப்பத்தான் ஒரு வருசம். இது பாகத்துல வந்த நிலம் சும்மா கெடந்துச்சு. ஆறு பேரும் பேசி, மொத்தத்தையும் இதுக்கே குடுத்துட்டோம். புண்ணியமாப் போவட்டும்னுதான்."

தம்பிகளே, கணக்கைப் பாருங்கள். கலந்து வைத்திருந்தால்கூட ஆளுக்குப் பத்து மரம் போயிருக்கும், தாங்கிக்கொண்டிருப்பார்கள். நான் தனியாகப் பிரித்து வைத்தேன். ஊர் தருமம் செய்தது. இரண்டும் சேர்ந்து என் குப்பை முழுவதையும் ஒரே ஒருத்தி தலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. இதில் கெட்ட எண்ணம் உள்ளவன் யார் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

அதற்குள் அந்த அம்மாவே வந்துவிட்டார். பெயர் சின்னபாப்பா. முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் தண்ணீர்க்குடம். கோவிந்தன் எங்களை விட்டுவிட்டுக் கூலியாட்களைப் பார்க்கப் போனார்.

"வாங்க பாய், குந்துங்க" என்றார் சின்னபாப்பா. "கெணறு கெடையாது. அஞ்சு கோடையும் ஏரியிலருந்து கொடத்துலயேதான் ஊத்தறேன். ஒண்ணுகூடப் பட்டுப்போகல பாத்தீங்களா? எங்க கொழுந்தனுதுல எட்டு பட்டுப்போச்சு." சொல்லிவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காயை எடுத்து என் கையில் வைத்தார். "இந்த ஒரு மரம் மட்டும் நாலு காய் காய்ச்சுது. மொதக் காய்ப்பு, அதான் சின்னதா இருக்குது போல."

உருண்டையாக, எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நாட்டு மாங்காய். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிமிரவே இல்லை.

"ஒண்ணு கேக்கணும் பாய். இந்த நெலத்துக்கு அடியில நல்ல கருங்கல்லு இருக்குதாம். குவாரிக்காரன் கேட்டுக்கினே இருக்கறான். காய்க்காத மரத்த வெச்சிக்கினு என்னா பண்ணப் போறே, குடுத்துடுன்னு கொழுந்தனும் சொல்றாரு. இதான் எனக்கு இருக்கற ஒரே நெலம். இத்த விட்டா நான் ஆயுசுக்கும் கூலிதான். அடுத்த வருசம் காய்க்குமா? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் தைரியமா இருந்துக்குவேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வாய் தானாகப் பேசியது. "வளர்ச்சி ஜாஸ்திம்மா, அதான் காய்ப்பு தள்ளிப்போவுது. அடுத்த வருசம் பாருங்க" என்றேன். வருடக்கணக்கில் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில். யோசிக்கவே வேண்டியதில்லை.

அந்த முகம் மலர்ந்ததே! "அப்பாடா! நாளைக்கே குவாரிக்காரன வராதன்னு சொல்லிடறேன்" என்று குடத்தைத் தூக்கி அடுத்த மரத்துக்கு ஊற்றப் போனார்.

அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்குவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் ஊற்றுவார். அப்புறம் இன்னும் ஒரு வருடம். அடப்பாவி, என்ன சொன்னாய் நீ! "அம்மா, ஊத்தாதீங்க" என்று கத்தியேவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டு பிடிக்காதது, நான் நுனியைச் சீவச் சொன்னது, இனாம்தானே என்று நினைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. சின்னபாப்பா குடத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

"அஞ்சு வருசம் பாய்!" குரல் கிறீச்சிட்டது. "இடுப்பு ஒடிய ஊத்துனேனே! ஒவ்வொரு மரத்தையும் புள்ளயாட்டம் பாத்தேனே! என் வாயில மண்ணப் போட்டுட்டு இங்க வந்து நோகாம குந்திக்கினு இருக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" குடத்தை வீசி எறிந்தார். அது என் காலருகே விழுந்து நசுங்கியது. திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அழுது ஓய்ந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னேன். மரத்தைப் பிடுங்க வேண்டாம். இடுப்பளவில் அறுத்துவிட்டால் அடிமரத்திலிருந்து புதுக் கொப்பு வரும். அந்தக் கொப்புகளில் பெங்களூராவை ஒட்டுக் கட்டலாம். வேர் ஐந்து வருடத்து வேர் என்பதால் மூன்று வருடத்தில் காய்க்கும். செலவு ஒரு பைசா உங்களுக்கு இல்லை.

"இதையும் நீதானே சொல்ற" என்றார் சின்னபாப்பா. "உன் பேச்ச இனி நம்பமாட்டேன். ஒட்டுக் கட்டறவரு இருப்பாரில்ல, அவரு வந்து சொல்லட்டும்."

நர்சரிக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். முதலில் கத்தினார். அப்புறம் யோசித்தார். "சரி, போய்ச் செஞ்சு குடு. ஆனா எதுக்குன்னு ஊர்ல மூச்சு விடாத. நர்சரி இலவசமா சர்வீஸ் பண்ணுதுன்னு சொல்லு." நான் தலையாட்டினேன். மேஸ்திரியிடம் சொன்னபோது அவர், நான் அப்போதே சொன்னேனே என்றுகூடக் கேட்கவில்லை. ரம்பத்தை எடுத்துப் பையில் வைத்தார். சிங்காரப்பேட்டை போனதும் அறுபது மரத்தையும் பார்த்துவிட்டு, "மூணு வருசம்மா. நான் கட்டறேன், காய்க்கும்" என்று மட்டும் சொன்னார். சின்னபாப்பா சரியென்று தலையாட்டினார். பிறகு மேஸ்திரி ரம்பத்தை என் கையில் கொடுத்தார். "நீ அறு பாய்."

ஆடி மாதம் முழுக்க அறுத்தேன். ஒவ்வொரு மரம் சாயும்போதும் சின்னபாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் ஜனம் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. "பச்ச மரத்தப் போயி அறுக்கறானே, பைத்தியமா" என்றார்கள். சின்னபாப்பா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. "பாவப்பட்டு ஆறு பேரும் குடுத்தாங்க. அவங்க முன்னால போயி, நீங்க குடுத்தது குப்பைன்னு எந்த வாயால சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். அதனால் என்ன நடந்தது தெரியுமா? வித்த சரக்குக்கு இவ்வளவு தூரம் வந்து பாடுபடுகிறார்களே என்று ஊரெல்லாம் எங்களைப் பாராட்டியது. கோவிந்தனும் அவருடைய சொந்தக்காரர்களும் மேலும் முந்நூறு கன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முதலாளி எனக்குத் தீபாவளிக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். அதை நான் இன்றுவரை கட்டவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த முந்நூறுக்கு முப்பது கொசுறும் நல்ல ஒட்டாகவே போனது. அதற்குப் பிறகு எங்கள் நர்சரியில் கழித்த கன்று எல்லாம் குழிக்குத்தான் போனது.

புதுக் கொப்புகளில் மேஸ்திரி ஒட்டுக் கட்டினார். பிடிக்காதவற்றுக்கு மறு வருடமும் போய்க் கட்டினார். குவாரிக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டதற்கு, சின்னபாப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். மேஸ்திரி சொன்னபடி மூன்றாவது வருடம் காய் பிடித்தது. சொல்லி அனுப்பினார்கள், போனேன்.

கூழ் ஃபேக்டரியின் லாரி சின்னபாப்பாவின் நிலத்தோரம் நின்றது. கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னபாப்பா தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு கூலியாட்களை அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து ஒரு காயைக் கையில் கொடுத்தார். நீளமாக, மூக்கு வைத்து, அசல் பெங்களூரா. எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

சின்னபாப்பா சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க பாய். எனக்கு வந்தது அறுபதுதான். அது மாதிரி கொசுறு எத்தினி வருசமாக் குடுத்தீங்க? மிச்சமெல்லாம் யாரு நெலத்துல நிக்குது?"

ஐந்து வருடம் கொடுத்திருந்தோம். எத்தனை லாரி என்று எனக்கே தெரியாது. கொசுறு இனாம் என்பதால் அதைப் பில்லில் எழுதுவதில்லை. ஆனால் யார் யார் நூறு வாங்கினார்கள், எந்த ஊர் என்பதெல்லாம் பில் புத்தகத்தில் இருந்தது. என் மேசையின் இழுப்பறையிலேயே இருந்தது. சாமல்பட்டி, ஊத்தங்கரை, சூளகிரி என்று ஒரு மாதம் சுற்றியிருந்தால் எல்லோரையும் பார்த்திருக்கலாம். "பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போகவில்லை. முதலாளி என்ன சொல்வாரோ, நர்சரி பெயர் என்ன ஆகுமோ, என் வேலை என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். அப்படியே ரிடையர் ஆகிவிட்டேன். அந்த ஜனங்களும் யாரும் வந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தங்கள் மண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.